தண்ணீர் கேட்டவர்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்தது ரசீதில் கையெழுத்துப் போடத்தான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. டாக்டரின் மாணவி ஒருத்தி, இப்போது அவளும் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், “நீங்க எழுதிக் குடுங்க அங்கிள், தப்பையெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று சொன்னாள். டாக்டரோடு வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதுகிறார்களாம். அவள் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. உட்காருவேன், முதல் வரியிலேயே எழுந்துவிடுவேன். இப்போது எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டாக்டர் என்றே எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. அவர் யாருடைய பெயரையும் எழுதியதில்லை.

முதலில் அவரைப் பார்த்தது பிரிக்பீல்ட்ஸில். நான் அப்போது டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி, தோளில் துணிப்பை, காலில் ஆண்கள் போடுவது போன்ற கான்வாஸ் சப்பாத்து, கழுத்தோடு வெட்டிய முடி. கிள்ளான் போகணும் என்றார். ஒரு முதியோர் இல்லத்தின் வாசலில் இறங்கி, “அண்ணே, இங்கயே இருக்கீங்களா, அரை மணியில வந்துருவேன்” என்றார். திரும்பி வந்தபோது தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். அடுத்த வாரமும் என்னையே கூப்பிட்டார். ஏன் சொந்தக் கார் இல்லை என்று கேட்க எனக்குக் கூச்சம். அவராகவே சொன்னார்.

“லைசென்ஸ் இருக்குண்ணே. ஆனா நான் ஓட்டினா பச்சை விழுந்ததுகூடத் தெரியாம யோசிச்சிட்டு நிப்பேன். பின்னால நிக்கறவன் ஹார்ன் அடிச்சே செத்துருவான்.”

அப்படித்தான் நான் அவருடைய ஆள் ஆனேன். வயதானவர்களுக்கு வைத்தியமும் பராமரிப்பும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று ஆராய்வதுதான் அவருடைய படிப்பு, வேலை, வாழ்க்கை எல்லாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற ஆளும் நான் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள், பேச வேண்டாம் என்றார். அதனால் அவர் எப்படி வேலை செய்வார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

எந்த இல்லத்துக்குப் போனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். வணக்கம் சொல்லி, தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்வார். அதற்குப் பிறகு அவர் கேட்கும் முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? தாகமா இருக்கு.”

பையில் முழு பாட்டில் இருக்கும். நான்தான் வாங்கி வைத்திருப்பேன். முதல் தடவை அதை எடுத்து நீட்டப் போனேன். கண்ணாலேயே அதட்டினார். திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். அப்போது விளக்கினார்.

“அண்ணே, நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்தா முதல்ல என்ன குடுப்போம்?”

“தண்ணி.”

“வந்தவங்க கேட்டா இல்லன்னு சொல்வோமா?”

“அது எப்படி டாக்டர்?”

“அதான். இங்க உங்கள நல்லா பாத்துக்கறாங்களான்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. பாதி பயம், பாதி பழக்கம். அந்தப் பதிலையெல்லாம் நம்பினா கிள்ளான்ல இருக்கறது அத்தனையும் சொர்க்கம். தண்ணி கேட்டா மட்டும் பொய் வராது. கையெட்டற தூரத்துல இருந்தா ஊத்திக் குடுப்பாங்க. யாரையாவது சத்தம் போட்டுக் கூப்பிட்டாங்கன்னா, கூப்பிட்டா ஆள் வரும்னு நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம். பதில் சொல்லாம வாசலைப் பாத்தாங்கன்னு வைங்க, அங்க ஏதோ சரியில்ல.”

வயதானவர்களுக்குத் தண்ணீர் குறைந்தால் என்னென்ன வரும் என்று ஷா ஆலம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். காய்ச்சல், மயக்கம், புத்தி தடுமாறுவது, விழுந்து இடுப்பு உடைவது. நான் சாலையைப் பார்த்துத் தலையாட்டினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நானே இரண்டு கிளாஸ் குடித்தேன்.

கிள்ளானில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். தோட்டத்து முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்தவர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். டாக்டர் வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார்.

“ஏன், ஒனக்குக் கை இல்லியா? அந்தா இருக்குல்ல ஜக்கு, ஊத்திக் குடி. அப்படியே எனக்கும் ஒரு கப் ஊத்து.”

டாக்டர் இரண்டு கப் ஊற்றினார். பாட்டி குடித்துவிட்டுக் கைலியை முழங்கால் வரை தூக்கிக் காட்டி மருந்து கேட்டார்.

“நான் ஊசி போடற டாக்டர் இல்ல ஆன்டி. படிச்சு வாங்கின பட்டம்.”

“அப்ப ஒன்னால என்னா பிரயோசனம் லா?”

“அதத்தான் நானும் ரொம்ப நாளா தேடிக்கிட்டிருக்கேன்.”

பாட்டி சிரித்த சிரிப்பில் பல்செட் நழுவி மடியில் விழுந்தது. காரில் ஏறியதும் டாக்டர், “திட்டறாங்கண்ணே, பயமில்லாம திட்டறாங்க. ரொம்ப நல்ல எடம்” என்றார். அன்றைக்கு முழுக்க அவர் முகம் தெளிவாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் இலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய், எனக்கு மறுசோறு போடச் சொல்லித் தானே சர்வரை விரட்டினார்.

ஒரு தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தார். அடுக்குமாடி, மூன்றாவது மாடி. என் அம்மாவுக்கு அப்போதே நடை தளர்ந்துவிட்டது, முன்னறையில் நாற்காலியில் இருப்பார். டாக்டர் முறுக்கைக்கூடத் தொடவில்லை. நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்து, “ஆன்டி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார். அம்மா வாசலைப் பார்க்கிறாரா, அடுப்படியில் இருந்த என் மனைவியைப் பார்க்கிறாரா என்று அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

“ஏம்மா, வெறும் தண்ணியா குடிப்ப?” என்றார் அம்மா. “அடியே, அந்த டாக்டருக்கு ஆரஞ்சுத் தண்ணி கலக்குடி. ஐஸ் போடு. எனக்கும் சேத்துக் கலக்கு, இவன் கண்ணுல படாம.”

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என் மனைவி மட்டும் அவர் போன பிறகு, “நல்ல நாளும் அதுவுமா வந்து தண்ணி கேட்டாங்க பாருங்க, ஒங்க டாக்டரு” என்று சிரித்தாள். அவளிடம் நான் விளக்கவில்லை.

இவ்வளவும் நல்ல நாட்கள். இனி எழுத வேண்டியதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்த வீடு அது. குடியிருப்பு வீட்டையே இல்லமாக்கி நடத்தினார்கள். ஹாலில் நெருக்கமாகக் கட்டில்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மூன்றாவது கட்டிலில் உயரமான ஒரு பெரியவர், கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவராம், இடது கையில் இரண்டு விரல் இல்லை. டாக்டர் முக்காலியைத் தேடினார். இல்லை. தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

பெரியவர் வாசலைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு தலையணை உறைக்குள் கையைவிட்டு ஒரு பழைய சிரப் பாட்டிலை உருவி எடுத்தார். முக்கால் பாட்டில் தண்ணீர் இருந்தது.

“குடிம்மா.”

அவர் வாசலைப் பார்த்தபோதே டாக்டருக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. ஆனால் கேட்டுவிட்டு, கொடுக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு வாய் குடித்தார். பெரியவர் “இன்னும் குடி” என்றார். குடித்தார். “வெயில்ல வந்திருக்க, நல்லாக் குடி” என்றார். பாட்டிலின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. பெரியவர் அதை வாங்கி மூடி, மறுபடி உறைக்குள் வைத்தார். டாக்டர் கேட்ட மற்ற கேள்விகளுக்கெல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே பதில் சொன்னார்.

டாக்டர் முன்னால் நடந்துவிட்டார். நான் பையை எடுக்கக் குனிந்தபோது அடுத்த கட்டிலில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்தார். மெதுவாகப் பேசினார்.

“ஒங்க டாக்டரம்மா குடிச்சாங்களே, அது இவனோட ராத்திரித் தண்ணி. சாயங்காலத்துக்கு மேல இங்க தண்ணி குடுக்க மாட்டாங்க. குடுத்தா ராத்திரி பெம்பர்ஸ் நனையும், மாத்தணுமே. மத்தியானச் சாப்பாட்டுல மிச்சம் பிடிச்சு வச்சிருந்தான்.”

காரை எடுத்து முதல் சிக்னலில் நின்றபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டே, “திருப்புங்கண்ணே” என்றார். பையில் இருந்த பாட்டிலோடு, வழியில் ஒரு கடையில் நிறுத்திக் கைகொள்ளும் அளவுக்கு இன்னும் வாங்கினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்தாள்.

“பாக்கற நேரம் முடிஞ்சிருச்சுக்கா. நாளைக்கி வாங்க.”

“உள்ள வரல. இதை மட்டும் மூணாவது கட்டில் அங்கிளுக்குக் குடுத்துருங்க, ப்ளீஸ்.”

கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொரு பாட்டிலாக நீட்டினார். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொடுத்தாளா என்று எங்களுக்குத் தெரியாது. விளக்கு அணையும்வரை டாக்டர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் புகார் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருக்க முடியாது, அதுவும் அவர் வேலையின் விதிதான். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், வீட்டை மூடினார்கள். அவர்கள் செய்ததிலும் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் மறுபடி போனபோது கேட்டில் சங்கிலி தொங்கியது. போர்ச்சில் மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு சக்கர நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். “வேன் வந்து ஏத்திட்டுப் போச்சி. சொந்தக்காரங்க இருந்தா சொந்தக்காரங்க, இல்லாதவங்க வேற எங்கயோ. யாருக்குத் தெரியும்?” என்றார்.

“அவரு பேரு என்ன டாக்டர்? ஆபீஸ்ல கேட்டுப் பாக்கலாமே” என்றேன்.

“தெரியாதுண்ணே.” கேட்டுச் சங்கிலியைக் கையில் பிடித்துப் பார்த்தார். “பேர் கேக்கக்கூடாது, எழுதக்கூடாது. யார் சொன்னாங்கன்னு வெளிய தெரிஞ்சா அவங்களுக்குத்தான் ஆபத்து. என்கிட்ட படிக்கற பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக்குடுக்கற விதி.” பிறகு, “தண்ணி கேட்டேன், குடுத்தாரு. நான் அவரு கட்டிலையே எடுத்துட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்த இல்லத்திலும் தண்ணீர் கேட்கவில்லை. மாணவர்கள் ஏன் என்று கேட்டார்கள். வேறு வழி கண்டுபிடிங்க என்று மட்டும் சொன்னார். என் காரின் பின்பக்கத்தில் எப்போதும் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் இருக்கும். போகும் இடமெல்லாம் கட்டிலுக்கு ஒன்று வைப்பார். பெரிய ஹோட்டல் ஒன்றில் அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் வரச் சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். மேடையில் ஒவ்வொருவர் முன்னாலும் கிளாஸும் பாட்டிலும் இருந்தன. மற்றவர்கள் குடித்தார்கள். டாக்டர் அந்த வீட்டைப் பற்றித்தான் பேசினார், இங்கிலீஷில். எனக்கு முழுசாகப் புரியவில்லை. தொண்டை கட்டி இரண்டு முறை இருமினார். தண்ணீரைத் தொடவில்லை. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடினார்.

வேலை முடிந்தால் முன்பெல்லாம் சாப்பாடு. பிறகு அது மாறிவிட்டது. “இன்னும் ஒரு எடம் பாத்துட்டுப் போயிரலாமாண்ணே” என்பார். சுபாங் ஜெயா, காப்பார், பூச்சோங், பந்திங். உயரமான ஆள், இடது கையில் இரண்டு விரல் இல்லை, இப்படி யாராவது வந்தாங்களா? இதுதான் எங்களிடம் இருந்த அடையாளம். சில இடங்களில் சொல்ல முடியாது என்பார்கள். சில இடங்களில் உள்ளே விட்டுக் கட்டில் கட்டிலாகக் காட்டுவார்கள். டாக்டர் முகங்களைப் பார்க்கமாட்டார், கைகளைத்தான் பார்த்துக்கொண்டு போவார். போர்வைக்குள் கை இருந்தால் போர்வை விலகும்வரை காத்து நிற்பார். கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறார் என்று ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

“குடிச்சத திருப்பிக் குடுக்கணும். வேற ஒண்ணுமில்ல.”

வருஷங்கள் போயின. டாக்சித் தொழில் படுத்துவிட்டது, நான் செல்போன் ஆப்பில் சவாரி பிடித்துக் கார் ஓட்ட ஆரம்பித்தேன். டாக்டருக்கு மட்டும் ஆப் கிடையாது, போன்தான். பிறகு போன் வருவது குறைந்தது. வயிற்றில் கட்டி என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பாதியாகிவிட்டிருந்தார். கடைசியில் எனக்கு வந்த ஒரே பேச்சு இதுதான்.

“டாக்டர், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார், சத்தம் வராத சிரிப்பு. “கள்ளன்ணே நீங்க” என்றார். வாசலைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ஜக்கைக் காட்டி, “ஊத்திக்குங்க. இங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க” என்றார். நான் ஊற்றிக் குடித்தேன். அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். கிளம்பும்போது கையைப் பிடித்தார்.

“எங்கயாவது பாத்தீங்கன்னா ஒரு பாட்டில் குடுத்துருங்க. ஒண்ணும் சொல்ல வேணாம்.”

அந்த மாதமே போய்விட்டார்.

போன மாதம் ஒரு நர்ஸை போர்ட் கிள்ளானில் இறக்கினேன். ரயில் முடியும் இடத்துக்கு அப்பால், கிடங்குகளைத் தாண்டி, ஒரு பழைய பங்களா. முதியோர் இல்லம். அப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் கண் தானாகக் கைகளைத் தேடும், அது எனக்கும் பழக்கமாகிவிட்டது. வாசல் மரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இடது கையைக் கன்னத்தில் ஊன்றியிருந்தார். கன்னத்தில் மூன்று விரல்தான் தெரிந்தது.

அதுவரை டாக்டருக்குப் பின்னால்தான் நான் உள்ளே போயிருக்கிறேன். எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பின்பக்கத்திலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன்.

“அங்கிள், இது ஒங்களுக்கு.”

“யாரு தம்பி நீ? தண்ணியா? இங்கதான் கொட்டிக் கெடக்கே.” வராந்தாவில் இருந்த தண்ணீர் மெஷினைக் காட்டினார்.

ஒன்றும் சொல்ல வேணாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. மூடிப்போன அந்த வீட்டைப் பற்றி, தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் கண்ணைச் சுருக்கினார்.

“ஆமா. கட்ட முடி. ஆம்பள சப்பாத்து போட்டுருந்துச்சி.” பக்கத்தில் இருந்தவரின் தொடையில் தட்டினார். “டேய், சொன்னேன்ல, ஒரு டாக்டருக்கு நான் தண்ணி குடுத்தேன்னு. நம்புனியா நீ?”

“நீ சொல்ற ஆயிரம் கதையில எதன்னு நம்பறது” என்றார் மற்றவர்.

“அந்த வீட்டுல என்கிட்ட யாரு தம்பி என்னத்தக் கேப்பாங்க? வாயத் தொற, திரும்பிப் படு, அவ்வளவுதான். அது வந்து எங்கிட்டத் தண்ணி கேட்டுச்சி. என் வீட்டுக்கு வந்த மாதிரி. எனக்கு அன்னிக்கி ராத்திரி தூக்கமே வரல.”

“தாகத்துலயா அங்கிள்?”

“போப்பா. தாகமெல்லாம் யாருக்குத் தெரிஞ்சுது.” தன் கையைப் பார்த்துக்கொண்டார். “ஒரு குறைதான். அவசரத்துல பாட்டிலோட குடுத்துட்டேன். ஒரு கப்பு இல்ல அங்க. வந்தவங்களுக்கு அப்படியா குடுக்கறது? இங்க நல்ல கப்பு இருக்கு. அந்தப் பொண்ண ஒருநாள் கூட்டிட்டு வாயேன்.”

“போன வருஷம் தவறிட்டாங்க அங்கிள்.”

மரத்துக்கு அப்பால் கண்டெய்னர் லோரி ஒன்று போனது, அது போய் முடியும்வரை பெரியவர் சாலையைப் பார்த்தார். பிறகு நான் கொடுத்த பாட்டிலை மடியில் இடுக்கி, வலது கையால் மூடியைத் திருகித் திறந்தார். நாற்காலியில் மாட்டியிருந்த பையிலிருந்து கப்பை எடுத்து, சட்டை நுனியால் உள்ளே துடைத்தார். சிந்தாமல் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“நீயாச்சும் ஒக்காந்து குடி.”

உட்கார்ந்தேன். முழுவதும் குடித்தேன்.

கிள்ளான்,
9 ஜூன் 2024, ஞாயிற்றுக்கிழமை